சாமிக்கு விட்ட முடி

என் மச்சினன் சிங்கப்பூருக்குப் படிக்கக் கிளம்பிய காலையில், பூசை மாடத்தின் முன்னால் நின்று என் மனைவி ஒரு வேண்டுதல் வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது. வாடகைக் கார்க்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு உரக்கவே சொன்னாள்.

“முருகா, என் தம்பி பட்டம் வாங்கிட்டு வரட்டும். வந்ததும் உன் மலைக்குக் கூட்டிட்டு வந்து முடி இறக்குறேன். அதுவரைக்கும் அவன் தலையில கத்தி படாது.”

அவள் தம்பி பக்கத்தில் நின்று புதுச் சிலுவாருக்குள் சட்டையைச் செருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

“தாடிக்கும் சேத்தாக்கா?”

“தாடிக்கும் சேத்துதான்.”

“அங்க டை கட்டிக்கிட்டுத்தான் சாப்பாட்டு மேசையில உக்காரணுமாம்.”

“கட்டிக்க. டைக்கும் தாடிக்கும் என்னடா சண்டை?”

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அக்கா விபூதியை எடுத்து நெற்றி நிறையப் பூசிவிட்டாள். கார் காஜா பெராங் சடக்கில் திரும்பி மறையும் வரை நாங்கள் வாசலில் நின்றோம்.

அவன் எங்களுக்குப் பிள்ளை மாதிரி. என் மாமனாரை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. மாமியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நான் பெண் பார்க்கப் போனபோது என் மனைவியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இந்தப் பயல் நின்றிருந்தான். கல்யாணச் சீராக எனக்கு வந்தது இவன் ஒருவன்தான் என்று நான் கேலியாகச் சொல்வேன். எங்களுக்குக் குழந்தை பிறக்காததால் பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். மலாக்கா டவுனுக்கு வந்து தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் சேர்ந்தேன். இங்கிலீஷில் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. அவன் வேறு. டவுன் இங்கிலீஷ் ஸ்கூலில் எப்போதும் முதல் வரிசை. சுதந்திரம் வந்த அந்த வருஷம், பண்டார் ஹிலிர் திடலில் ஜனங்கள் கொடி பிடித்துக் கத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில், அவனுக்கு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. அரசாங்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. எங்கள் வரிசை வீடுகளில் அதுவரை யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. இனிமேல் நாடு நம்முடையது, படித்தவர்களுக்கெல்லாம் நாற்காலி காத்திருக்கிறது என்று எல்லோரும் பேசிய காலம். நானும் நம்பினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மலாக்கா செட்டிக் குடும்பம். நம்மைப் போலவே விபூதி பூசுவார், கோயிலுக்கு வருவார், பொங்கல் வைப்பார். பேச்சு மட்டும் மலாய்தான், தமிழில் நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. அவன் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மலாயில் விசாரித்தார். சரித்திரம் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னான்.

“நன்தி ஜாடி ஆப்பா?” என்றார். படித்துவிட்டுப் பிறகு என்ன ஆவாய் என்று கேட்கிறார்.

டாக்டருக்குப் படித்தால் டாக்டர். வக்கீலுக்குப் படித்தால் வக்கீல். சரித்திரம் படித்தால்? அவன் தலையைச் சொறிந்தான். “பெலும் தாவு, மாக்” என்றான். இன்னும் தெரியாது அம்மா என்று அர்த்தம். அவர் நல்ல மனுஷி. “தெரியும், தெரியும், சாமி சொல்லும்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு உள்ளே போனார்.

முதல் நீண்ட விடுமுறைக்கு அவன் வந்தபோது முடி காதை மூடியிருந்தது. தாடியும் அடர்ந்துவிட்டது. இரும்புப் பெட்டி நிறையப் புத்தகம். பஸ்ஸிலிருந்து இறக்க நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். சடக்கு முனைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த லோரிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

“வாங்க பாய்! எந்த பேங்குல ஜாகா வேலை?” என்று ஒருவர் கூப்பாடு போட்டார். அந்த நாளில் பேங்க் வாசல்களில் காவலுக்கு நிற்கும் ஜாகாக்கள் பெரும்பாலும் தாடி வைத்த சீக்கியர்கள்தான்.

“யுனிவர்சிட்டிக்குத்தான் அண்ணே ஜாகா” என்றான் இவன். “உள்ளயும் விட மாட்டேங்கிறான், வெளியவும் விட மாட்டேங்கிறான்.”

கடையே சிரித்தது. ஓசிக் கோப்பியும் கிடைத்தது. அவனுக்கு அப்போது நாக்கு நன்றாக இருந்தது.

ஆனால் வீட்டில் அவன் சிரிக்கக் காணோம். பின்பக்கப் படியில் உட்கார்ந்து விடிந்ததிலிருந்து படித்தான். பசியாறக் கூப்பிட்டால் “இதோக்கா” என்பான், வரமாட்டான். விடுமுறைக்கு வந்தவன் எதற்கு இப்படிப் படிக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. பரீட்சையில் பாஸாகிவிட்டான்தானே?

“பாஸுதான் அத்தான், விளிம்புல. ஓரத்துல நிக்கிற மாதிரி.”

வாராவாரம் கட்டுரை எழுத வேண்டுமாம். ஒரு கட்டுரைக்கு ஒரு கூடைப் புத்தகம் படிக்கச் சொல்வார்களாம். லைப்ரரியில் ஒரு பிரதிதான் இருக்கும், அதற்கு வகுப்பே வரிசையில் நிற்கும். வசதியான வீட்டுப் பையன்களுக்கு அந்தப் புத்தகங்கள் அப்பாவின் அலமாரியிலேயே உண்டு. எழுதியதை வாத்தியார் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

“வாசிச்சு முடிச்சதும் கேப்பாரு அத்தான், இதெல்லாம் புத்தகத்துல இருக்கு, நீ என்ன நினைக்கிறேன்னு. நம்ம ஸ்கூல்ல எந்த வாத்தியாராவது அப்படிக் கேட்டிருக்காரா? நினைச்சா பிரம்புதானே கிடைச்சுது.”

“நினைக்கிறதச் சொல்லிட வேண்டியதுதானே?”

“இங்கிலாந்து ராஜாவும் பிரான்ஸ் ராஜாவும் போட்ட உடன்படிக்கையப் பத்தி நான் என்னத்த நினைக்க? நாட்டுக்குச் சுதந்திரம் வந்தாச்சு. நான் இன்னும் அவன் பாட்டன் சண்டைய எழுதிட்டு இருக்கேன்.” சொல்லிவிட்டு உடனே குரலை இறக்கினான். “அக்காட்ட சொல்லாதீங்க.”

அக்கா சமையலறையிலிருந்து, “என்னடா அங்க குசுகுசுன்னு?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா, ராஜா கத.”

“ராஜா கத பேசுற நேரத்துல ரெண்டு வாய் சாப்புடு.”

அடுத்த வருஷம் அவன் பரீட்சையில் தவறினான். உபகாரச் சம்பளம் நின்றது. அதே வகுப்பை இன்னொரு தடவை படிக்கலாம், மறுபடி தவறினால் வெளியேதான் என்பது அங்கே சட்டம். என் மனைவி அழவில்லை. செவ்வாய், வெள்ளி விரதத்தோடு சனியையும் சேர்த்துக்கொண்டாள். “முடி நல்லா வளரட்டும். இன்னும் வளந்து சாமிக்குப் போகட்டும்” என்றாள். தோட்டத்தில் அவள் அம்மாவும் அப்படித்தான் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் முடி வளர்த்து இறக்குவாராம். அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அதே சாமியைத்தான் கும்பிடுகிறேன்.

மறுபடி படித்த அந்த வருஷத்தின் நடுவில் நான் சிங்கப்பூர் போனேன். நெத்திலிச் சம்பால் ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய், ஒரு போத்தல் நல்லெண்ணெய், மலைக் கோயில் விபூதிப் பொட்டலம். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். விடுதி வாசலில் ஒரு பையன் என் பையையும் என் செருப்பையும் பார்த்துவிட்டு, “யாரப் பாக்கணும் ஐயா?” என்று தமிழில் மரியாதையாகத்தான் கேட்டான். நான் பேரைச் சொன்னேன். “ஓ, சாமியாரா!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அறையில் உட்கார இடமில்லை. கட்டிலில் புத்தகம், தரையில் புத்தகம், ஜன்னல் விளிம்பில் புத்தகம். நடுவில் அவன். தலைமுடியை உச்சியில் கொண்டையாக முடிந்திருந்தான். கூட இருக்கும் பஞ்சாபிப் பையன் சொல்லிக்கொடுத்த கட்டு என்றான். முகம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே மை தடவிய மாதிரி. சம்பால் டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். அப்புறம் மூடிவிட்டான்.

“சாப்புடுலா தம்பி.”

“பெறகு அத்தான். இப்ப சாப்புட்டா வாந்தி வருது.”

நான் கட்டிலில் ஒரு ஓரத்தைக் காலிபண்ணி உட்கார்ந்தேன். கையில் கிடைத்த ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்தேன். எனக்குப் படிக்க வராது, ஆனாலும் புரட்டினேன். பக்கங்களுக்கு நடுவில் நீள நீளமாக முடி கிடந்தது. ஒன்று இரண்டல்ல. அடுத்த பக்கத்திலும், அதற்கடுத்த பக்கத்திலும்.

“அடையாளம் வைக்கத் தாளு கூடவா கிடைக்கல?” என்று கேட்டேன்.

அவன் சிரித்த மாதிரி செய்துவிட்டு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினான். “முடி கொட்டுது அத்தான். சிங்கப்பூர்த் தண்ணி.”

தண்ணீர் வேலை பார்க்கிறவனிடமே தண்ணீரைக் குற்றம் சொல்கிறான் என்று நான் கிண்டல் பண்ணினேன். நல்லெண்ணெய் போத்தலை எடுத்துக் கொடுத்து, சனிக்கிழமை தவறாமல் தேய்த்துக் குளி என்றேன்.

என்னை பஸ்ஸுக்கு விட வந்தான். வழியெல்லாம் பையன்கள் சைக்கிளில் போனார்கள், பெண்கள் கூடப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டு போனார்கள். இவன் தலையைக் குனிந்தே நடந்தான். பஸ் நிற்கும் இடத்தில் நின்றோம்.

“அத்தான், ஒண்ணு கேக்கவா? நான் இத வெட்டிட்டு ஃபெயிலானா, வெட்டுனதாலதான் போச்சுன்னு அக்கா சொல்லும். வெட்டாம ஃபெயிலானா அக்கா யாரச் சொல்லும்?”

“ஏன்டா ஃபெயில் பேச்சு பேசுற? சாமிய நம்பு.”

“நம்புறேன் அத்தான். அதான் கேக்குறேன்.”

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் கொண்டைக்குள் விரலை விட்டு எதையோ தேடுகிறவன் போல நின்றுகொண்டிருந்தான்.

பரீட்சை முடிந்து சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தான். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் அந்த இரும்புப் பெட்டியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். என் மனைவி சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“போர்டுல பேரு போட்டாங்கக்கா” என்றான். “என் பேரு இல்ல.”

“நல்லாப் பாத்தியாடா?”

“பாத்தேன்.”

“எழுதுனவன் விட்டிருப்பான். போய்க் கேட்டியா?”

“அக்கா.” அவ்வளவுதான் சொன்னான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு வந்தார். இரும்புப் பெட்டியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். எப்போதும் கேட்கும் “நன்தி ஜாடி ஆப்பா”வைக் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வேலி மேல் வைத்துவிட்டுப் போனார்.

பட்டம் இல்லையென்றால் என்ன, இத்தனை வருஷம் யுனிவர்சிட்டியில் படித்திருக்கிறானே, அதற்கு ஒரு மதிப்பு இருக்காதா என்று நான் நினைத்தேன். அதுவும் இல்லை. இரண்டு மூன்று இடத்துக்கு அவனோடு நானும் போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குக் கேட்டபோது, ஸ்கூல் முடித்ததும் சேர்ந்திருந்தால் இந்நேரம் உனக்குச் சீனியர் கிராணி பதவி கிடைத்திருக்கும், இப்போது வந்தால் புது ஆள் கணக்குத்தான், அதற்கும் வயது கூடிவிட்டது என்றார்கள். இன்னோர் இடத்தில் மலாய்ப் பரீட்சை பாஸா என்று கேட்டார்கள். பேசுகிற மலாய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பரீட்சை எழுதியதில்லை. இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று ஒருவர் கேட்டாராம். படித்தேன் என்றானாம். எங்கே காகிதம் என்றாராம். ராஜாக்களின் உடன்படிக்கையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அவனோடு ஸ்கூலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் ஒருவன், ஜாலான் பெண்டஹாராவில் மாமனாரின் துணிக்கடையில் கல்லாவில் இருந்தான். எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “வாங்க ப்ரொபசர்!” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இவன் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டான்.

கடைசியில் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் ஸ்டோர் கிராணி வேலை இருக்கிறதென்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆலை மேனேஜர் இவனைப் பார்த்தார், பேசிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. “முகத்தையும் தலையையும் ஒழுங்கு பண்ணிட்டு வா, திங்கக்கிழமையிலேருந்து சேந்துக்கலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

“பட்டம் வராம முடி இறக்கக் கூடாது.”

“இறக்க வேணாம். சும்மா வெட்டிக்கட்டும். வேலைக்குப் போகணுமில்ல?”

“சாமிக்குன்னு விட்டத பார்பர் கடைக் குப்பையில போடச் சொல்றீங்களா? ஏற்கெனவே இந்தக் கெதி. இன்னும் சாமி குத்தம் வேற வேணுமா?”

“பின்ன என்னதான் பண்ணச் சொல்ற? இந்த ஜென்மத்துல அவனுக்குப் பட்டம் கிடையாது. அப்ப இந்த ஜென்மம் முழுக்க முடியா?”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவன் அறைக்குள் இருந்தான், கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். நான் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன். அவருக்கும் தயக்கம். “வேறெதாச்சும் பரீட்சை எழுதச் சொல்லுங்களேன், வேண்டுதல் பாக்கியா இருக்கட்டும்” என்றார். திங்கட்கிழமை வந்தது, போயிற்று. ஆலையிலிருந்து ஆள் வரவில்லை. நானே போய் மேனேஜரிடம் இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு வந்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் உடம்பு சரியில்லை என்றேன். அது பொய்யில்லை. அவன் சாப்பிடுவதே இல்லை. படிக்கப் புத்தகம் இல்லாதபோதும் பின்பக்கப் படியில் அதே இடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை என் மனைவி எண்ணெய் காய்ச்சினாள். அவன் திரும்பி வந்ததிலிருந்து தானே குளித்துக்கொள்கிறேன் என்று அவளைத் தலையைத் தொட விடவில்லை. அன்று அவனுக்கு எழுந்து போகத் தெம்பில்லை. கிணற்றடியில் பலகையைப் போட்டு உட்கார வைத்தாள். நான் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தேன். கொண்டையை அவிழ்த்தாள். முடி நடு முதுகு வரை விழுந்தது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

கொண்டை இருந்த இடத்துக்குப் பின்னால், முடி மூடியிருந்த இடத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. வழுவழுவென்று வெறும் தோல். அங்கங்கே சிவந்த புள்ளிகள்.

“என்னடா இது? புழுவெட்டா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

“நான்தான்.”

“நான்தான்னா?”

“பிடுங்குவேன். படிக்கிறப்ப. ஒண்ணொண்ணா.” அவன் முகத்தை நிமிர்த்தவில்லை. கால் பக்கம் ஓடிய தண்ணீரைப் பார்த்துப் பேசினான். “ஒண்ணு பிடுங்கினா கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.”

“என்ன சும்மா இருக்கும்?”

“தலைக்குள்ள.”

“சாமி முடிடா அது!” என்று அலறிவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

“தெரியும்க்கா. அதான் பயம். பயம் வந்தா இன்னும் பிடுங்குவேன்.”

சிங்கப்பூர்ப் புத்தகங்களில் கிடந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சீயக்காய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி மறுபடி உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். அந்த வெறும் இடத்தில் எண்ணெயை மெல்ல வைத்தாள், பச்சைக் குழந்தையின் உச்சிக் குழியில் வைப்பது போல. சுற்றிலும் தேய்த்தாள். தண்ணீரை அவளே மொண்டு மொண்டு ஊற்றினாள். துவட்டினாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். பிறகு பூசை மாடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றியிருந்தது. வாய் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. சாமியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பவளின் முகம்.

எழுந்து வந்து, “நாளைக்கு ஞாயித்துக்கிழமதானே? மலைக்குப் போவோம்” என்றாள்.

மாசி மகத்துக்கு ஜனங்கள் மண்டும் அந்தக் குன்றுக் கோயில் சாதாரண நாளில் வெறிச்சென்று இருக்கும். அடிவாரத்தில் ஒரு கொட்டகை, அதில் முடி இறக்குகிறவர், வயதானவர், கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் பலகையைத் துடைத்தார்.

“வாங்கம்மா. தம்பிக்கா? அடேயப்பா, எத்தன வருஷத்து முடி! என்ன வேண்டுதல், நிறைவேறிச்சா?”

எல்லோரிடமும் கேட்பதுதான். சந்தோஷமாகத்தான் கேட்டார்.

“ஒண்ணும் நிறைவேறல” என்றாள் என் மனைவி. “போதும்னு வந்திருக்கோம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கோழிகளைப் பார்த்தேன்.

“மொதல்ல எனக்கு இறக்குங்க” என்று அவள் பலகையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நீ எதுக்கு?” அவன் பதறி அவள் தோளைப் பிடித்தான்.

“வேண்டிக்கிட்டது நான். உன்னக் கேட்டா வேண்டிக்கிட்டேன்? உன் தலையில கொஞ்சம் குறையுதுல்ல, அத நான் குடுத்துடறேன். அதுக்கு மேல அவருக்கு ஒண்ணும் பாக்கி இல்ல.” தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். “பிடிங்க. கீழ போடாதீங்க.”

அவள் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். கல்யாணத்தன்று எங்கள் சொந்தக்காரர்கள் சவுரி என்று சந்தேகப்பட்டு இழுத்துப் பார்த்த முடி. பெரியவர் தண்ணீர் தெளித்தார். கத்தி இறங்க இறங்க அது கொத்துக் கொத்தாக மண்ணில் விழுந்தது. அவள் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள், கண்ணை மூடவில்லை. அவன் நின்றுகொண்டே அழுதான். பேரு இல்லை என்று வந்த அன்று அழாதவன், ஆபீஸ் வாசல்களில் அழாதவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான்.

பிறகு அவன் உட்கார்ந்தான். பின்னந்தலைக்கு வந்தபோது பெரியவரின் கத்தி தயங்கியது. அவர் அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு அதைச் சுற்றி வழித்தார். தாடியும் போயிற்று. உள்ளேயிருந்து தாடை எலும்பெல்லாம் தெரியும் ஓர் ஒட்டிய முகம் வெளிப்பட்டது. மாமனாரை நான் பார்த்ததில்லை. என் மனைவி அவனைப் பார்த்துவிட்டு, “அப்பா மாதிரி இருக்கான்” என்றாள்.

எனக்கும் இறக்கச் சொன்னேன். பெரியவர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே, “வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களாய்யா?” என்று மெதுவாக விசாரித்தார்.

“இல்ல” என்றாள் என் மனைவி. “எல்லாரும் இருக்கோம்.”

திங்கட்கிழமை அவன் ஆலைக்குப் போனான். சுருட்டிக் கட்டிய ரப்பர் பொதிகள் வரும், அவற்றின் எண்ணையும் எடையையும் குறித்து அனுப்ப வேண்டும். அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறான். ஒரு நாள் சாப்பிடும்போது, படித்ததில் ஏதாவது உபயோகப்படுகிறதா தம்பி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “வேகமா எழுத வருது அத்தான்” என்றான். “எல்லாரும் ஒரு லோரி எழுதுறதுக்குள்ள நான் ரெண்டு லோரி எழுதிடுறேன்.” சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். பழைய நாக்கா, கசப்பா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இரும்புப் பெட்டி பின்பக்கப் படிக்குக் கீழே கிடக்கிறது. புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றால், முடியெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுக்கணும் என்பான். எடுக்கவும் மாட்டான்.

எங்கள் மூவருக்கும் முடி வளர்ந்துவிட்டது. என் மனைவிக்கு முன்பு போல இல்லை, தோளோடு நின்றுவிட்டது. அவன் தலையில் அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது பூசை மாடத்தின் முன்னால் வந்து குனிவான். அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, மிச்சம் விரலில் இருப்பதைப் பின்னந்தலையில் அந்த இடத்தில் தடவிவிடுவாள். முன்பெல்லாம் பூசும்போது ஏதாவது வேண்டிக்கொள்வாள். இப்போது பூசிவிட்டு, “பாத்துப் போ” என்கிறாள். அவ்வளவுதான்.